ரிங்கிட்டும் வெள்ளியும்: கெடா மண்ணில் ஸ்பானிய அரச நாணயங்கள்

மலேசியப் பணத்தின் பெயரான ‘ரிங்கிட்’ என்ற மலாய்ச் சொல்லுக்குப் பல்பல்லாக வெட்டிய விளிம்பு என்று பொருள். அதே பணத்தை மலேசியத் தமிழர் பல தலைமுறைகளாக ‘வெள்ளி’ என்று சொல்லி வந்தனர். அலோர் ஸ்டாரின் மெர்கோங்கிலிருந்து தெற்கே கூலிம் வரை, கெடாவின் தோட்டங்களிலும் ஊர்களிலும் மூத்தோர் பேச்சில் ‘பத்து வெள்ளி’, ‘நூறு வெள்ளி’ இன்னும் உண்டு. ஒரு சொல் நாணயத்தின் விளிம்பிலிருந்து வந்தது; மற்றது அதன் உலோகத்திலிருந்து வந்தது. நாணயத்தைக் கையில் எடுத்துத் தடவிப் பார்த்தவர்கள் வைத்த பெயர்கள் இவை. இந்தக் கரையில் டாலர் என்ற வகைக்கே முதலாக நின்றது ஸ்பெயின் அரசர்களின் எட்டு ரியல் வெள்ளி நாணயம்.

அந்த வெள்ளிக்கு ஒரு பொன் துணை இருந்தது. எட்டு எஸ்குடோ என்னும் அந்தப் பொற்காசும் எட்டு ரியலும் ஏறத்தாழ ஒரே எடை: சுமார் 27 கிராம். பதினாறு வெள்ளி நாணயங்கள் ஒரு பொற்காசுக்கு ஈடு. இன்று உலகெங்கும் நாணயச் சேகரிப்பாளர்கள் தேடி வாங்குவது இந்தப் பொற்காசை. கெடாவின் வரலாற்றிலோ வெள்ளி சந்தையெங்கும் புழங்க, பொற்காசு அரிதாகவே வந்தது. ஒரே அரசரின் இரு நாணயங்களில் ஒன்று வந்து மற்றொன்று வராமற்போன காரணத்திலிருந்தே இவ்வட்டாரத்தின் நாணய வரலாறு தொடங்குகிறது.

அரசரின் பெயரால் ஒரு நாணயம்

‘ரியல்’ என்றால் அரசருக்கு உரியது. பின்னர் ஸ்பெயினின் பகுதியான காஸ்டில் நாட்டில் 14ஆம் நூற்றாண்டிலேயே அந்தப் பெயரில் வெள்ளிக்காசு இருந்தது. 1497இல் அரசர் ஃபெர்னாண்டோ, அரசி இசபெல் இணையர் மெதினா டெல் காம்போ நகரில் பிறப்பித்த ஆணை ரியலின் எடையையும் மாற்றையும் உறுதிப்படுத்தியது. அடுத்த மூன்று நூற்றாண்டுகளின் ஸ்பானிய நாணய முறைக்கு அதுவே அடித்தளம். எட்டு ரியல் மதிப்புள்ள பெரிய நாணயம் 16ஆம் நூற்றாண்டில் பிறந்தது.

‘எஸ்குடோ’ என்றால் கேடயம். நாணயத்தின் மேல் அரசரின் கேடயச் சின்னம் பொறிக்கப்பட்டதால் அந்தப் பெயர். இசபெல் இணையரின் பேரன் முதலாம் கார்லோஸ் 1535இல் தூனிஸ் படையெடுப்புக்காக பார்சலோனாவில் எஸ்குடோவை அச்சிடச் செய்தார். 1537இல் அது காஸ்டிலின் பொற்காசாக நிலைபெற்றது. இரண்டு எஸ்குடோவுக்கு ‘டொப்லோன்’, அதாவது இரட்டை, என்று பெயர். கடற்கொள்ளையர் கதைகளில் வரும் ‘டப்ளூன்’ அதன் ஆங்கில வடிவம். எட்டு எஸ்குடோவை ஸ்பானியர் ‘ஒன்சா’ என்றனர்.

1535இலேயே மெக்சிகோ நகரில் அமெரிக்கக் கண்டத்தின் முதல் அக்கசாலைக்கு அரச ஆணை பிறந்தது. அங்கு அச்சான முதல் நாணயங்களில் கார்லோஸின் பெயரோடு அவருடைய தாய் ஹுவானாவின் பெயரும் இருக்கிறது. ஹுவானாதான் சட்டப்படி காஸ்டிலின் அரசி. ஆனால் சித்தம் கலங்கியவர் என்று சொல்லி, அவரை 1509 முதல் 1555இல் இறக்கும்வரை டோர்டேசியாஸ் மாளிகையில் அடைத்து வைத்திருந்தனர். வெளியே காலெடுத்து வைக்க முடியாத ஒருவரின் பெயர் பெருங்கடலைக் கடந்த நாணயத்தில் ஊர் ஊராகச் சென்றது. தாயும் மகனும் இறந்த பிறகும் 1572 வரை மெக்சிகோ அதே பெயர்களில் நாணயம் அச்சிட்டது.

1545இல் இன்றைய பொலிவியாவின் போத்தோசி மலையில் வெள்ளி கண்டுபிடிக்கப்பட்டது. 1554இல் பார்த்தலோமே தெ மெதினா, பாதரசத்தைக் கொண்டு தரம் குறைந்த தாதுவிலிருந்தும் வெள்ளியைப் பிரிக்கும் முறையை மெக்சிகோவின் பாச்சூகாவில் நடைமுறைக்குக் கொண்டுவந்தார். பெருவின் உவாங்காவெலிக்கா சுரங்கம் பாதரசத்தைத் தந்தது. போத்தோசியில் பழங்குடி மக்களைச் சுழற்சி முறையில் கட்டாய உழைப்புக்கு இழுத்தனர். மலையின் குடலிலும் பாதரசப் புகையிலும் மாண்டவர்களின் உழைப்பே அந்த வெள்ளிப் பெருக்கின் அடியில் இருக்கிறது. 1570களில் போத்தோசியில் அக்கசாலை எழுந்தது.

தொடக்க கால நாணயங்கள் வட்டமானவை அல்ல. உருக்கிய வெள்ளியைப் பாளமாக வார்த்து, துண்டு துண்டாக வெட்டி, எடை சரியாக வரும்வரை ஓரத்தைக் கத்தரித்து, சுத்தியலால் அடித்து முத்திரை பதித்தனர். இவற்றை ஸ்பானியர் ‘மக்குக்கினா’ என்றனர். ஒன்று போல் மற்றொன்று இராது. பாதி எழுத்து நாணயத்துக்கு வெளியே போய்விடும். ஆண்டு தெரிவதே அபூர்வம். அதனால் அரசர் பெயர், ஆண்டு, அக்கசாலைக் குறி மூன்றும் தெளிவாக விழுந்த ஒரு மக்குக்கினா, சேகரிப்பாளரிடம் சாதாரணமான ஒன்றைவிடப் பல மடங்கு விலை பெறுகிறது.

வெள்ளி கிழக்கே, பொன் மேற்கே

1565இல் ஸ்பானியக் கப்பல்கள் மெக்சிகோவின் அகாபுல்கோவுக்கும் பிலிப்பைன்ஸுக்கும் இடையே ஓடத் தொடங்கின. 1571இல் மணிலா ஸ்பானியத் தலைநகராயிற்று. 1815 வரை, இரண்டரை நூற்றாண்டுக் காலம், இந்தக் கப்பல்கள் வெள்ளியைக் கொண்டுவந்து பட்டும் பீங்கானும் ஏற்றிச் சென்றன. மணிலாவில் இறங்கிய வெள்ளி சீன வணிகர் வழியாகத் தென்கிழக்கு ஆசியத் துறைமுகங்கள் எங்கும் பரவியது. ஐரோப்பாவிலிருந்து ஆப்பிரிக்காவைச் சுற்றி வந்த கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்களும் இதே நாணயத்தைப் பெட்டி பெட்டியாகச் சென்னைக்கும் வங்காளத்துக்கும் கொண்டுவந்தன.

பொற்காசு ஏன் வரவில்லை? விடை விகிதத்தில் இருக்கிறது. 1600ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஸ்பெயினில் ஒரு பங்கு பொன்னுக்கு 12 முதல் 14 பங்கு வெள்ளி கொடுக்க வேண்டும். சீனாவில் 6 முதல் 8 பங்கு போதும். சீன அரசு வரியை வெள்ளியாகவே வாங்கத் தொடங்கியிருந்ததால் அங்கே வெள்ளிக்குப் பசி அதிகம். வெள்ளியைக் கிழக்கே கொண்டுபோய்ப் பொன்னாக மாற்றினாலே இலாபம் என்றிருந்தபோது, எந்த வணிகனும் பொன்னைக் கிழக்கே சுமக்கமாட்டான். 18ஆம் நூற்றாண்டின் நடுவில் விகிதங்கள் ஏறத்தாழச் சமமாயின. ஆனால் அதற்குள் இந்தக் கடற்கரைகளின் கணக்கும் வழக்கமும் வெள்ளியில் ஊறிவிட்டன.

சோழமண்டலக் கரையில் நிலைமை சற்று வேறு. அங்கே வராகன் என்னும் பொற்காசும் பணம் என்னும் சிறுகாசும் நாட்டு நாணயங்கள். கம்பெனி கொண்டுவந்த ஸ்பானிய வெள்ளி பெரும்பாலும் அக்கசாலையில் உருகி ரூபாயாயிற்று. எனவே தமிழ்நாட்டில் உருக்கும் மூலப்பொருளாகக் கரைந்த நாணயம், கெடாவிலும் பினாங்கிலும் நாணயமாகவே வாழ்ந்தது.

தூண்கள், பீரங்கிகள், முகங்கள்

1732இல் மெக்சிகோ அக்கசாலை இயந்திரத்தில் அச்சிட்ட வட்ட நாணயத்தை வெளியிட்டது. அதன் ஒரு பக்கத்தில் அலைகளின் மேல் இரு நில உருண்டைகள். இருபுறமும் முடி சூடிய இரு தூண்கள். அவை ஜிப்ரால்டர் நீரிணையில் ஹெர்குலிஸ் நட்டதாகப் பழங்கதை சொல்லும் தூண்கள். தூணைச் சுற்றிய நாடாவில் ‘இன்னும் அப்பால்’ என்று பொருள்படும் முதலாம் கார்லோஸின் லத்தீன் விருதுவாக்கு. ஓரத்தைச் சுரண்டி வெள்ளி திருடுவதைத் தடுக்க விளிம்பு முழுவதும் இலைவரிசை போன்ற வேலைப்பாடு இருந்தது. அந்த விளிம்பே மலாய் மொழியில் ‘ரிங்கிட்’ ஆயிற்று. தூண்களை மலாய்க்காரர் பீரங்கியாகக் கண்டு, நாணயத்தை ‘ரிங்கிட் மெரியாம்’, பீரங்கி ரிங்கிட், என்றனர்.

தூண் நாணயம் பிறந்த மூன்றாம் ஆண்டில், 1735இல், கெடாவின் சுல்தான் முகமது ஜீவா அலோர் ஸ்டார் நகரை நிறுவினார். மெர்கோங் அந்த நகரின் ஒரு பகுதி. ஆற்றின் கழிமுகத்தில் கோலக்கெடா துறைமுகம். சோழமண்டலக் கரையிலிருந்து தமிழ் முஸ்லிம் வணிகர், அதாவது மலாய் நாட்டில் சூலியா எனப்பட்டோர், துணி கொண்டுவந்து ஈயமும் மிளகும் யானையும் வாங்கினர். சீனரும் புகிஸ்காரரும் ஐரோப்பியரும் அதே துறையில் சந்தித்தனர். நால்வகை மக்களுக்கும் பொதுவான மதிப்பாக ஒரு நாணயம் வேண்டியிருந்தது. எடையும் மாற்றும் பெரிதும் மாறாத ஸ்பானிய வெள்ளி அந்த இடத்தைப் பிடித்தது.

1772இல் மூன்றாம் கார்லோஸ் நாணயத்தின் தோற்றத்தை மாற்றினார். தூண்களும் உருண்டைகளும் போய், வெள்ளியிலும் அரசர் முகம் வந்தது. ரோமப் பேரரசர் போல் இலைமுடி சூடிய பக்கவாட்டு முகம். மறுபக்கம் கேடயமும் அதன் இருபுறமும் சிறிதான தூண்களும். ‘கடவுள் அருளால் ஸ்பெயின்களுக்கும் இந்தியாக்களுக்கும் அரசர்’ என்று பொருள்படும் லத்தீன் வாசகம் சுற்றிலும் ஓடியது. இங்கே ‘இந்தியாக்கள்’ அமெரிக்க நாடுகளையும் பிலிப்பைன்ஸையும் குறிக்கும். கொலம்பஸின் பிழை நாணயத்தில் நிரந்தரமாயிற்று. லத்தீனில் அரசர் பெயர் ‘கரோலுஸ்’ என்றிருந்ததால் வணிகர் இதைக் கரோலஸ் டாலர் என்றனர்.

தோற்றத்தோடு மாற்றும் மாறியது. அது யாருக்கும் சொல்லப்படவில்லை. அதுவரை எட்டு ரியலில் ஆயிரத்துக்கு ஏறத்தாழ 917 பங்கு தூய வெள்ளி. 1772இல் அரசரின் இரகசிய ஆணையால் அது 903 ஆயிற்று. 1786இல் 896க்கு இறங்கியது. எட்டு எஸ்குடோவின் பொன் 917இலிருந்து 901, பிறகு 875. எடை மாறாததால் தராசில் வேறுபாடு தெரியாது. உரைகல்லும் நெருப்பும்தான் சொல்லும்.

பினாங்கின் விலை

மாற்று இரண்டாம் முறை குறைந்த அதே 1786இல், ஆகஸ்ட் 11 அன்று, ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியின் சார்பில் பிரான்சிஸ் லைட் பினாங்குத் தீவில் ஆங்கிலக் கொடியை ஏற்றினார். காட்டை வெட்டும் வேலை வேகமாக நடக்கவேண்டும் என்று பீரங்கியில் வெள்ளி நாணயங்களை நிரப்பிக் காட்டுக்குள் சுட்டார் என்ற கதை பினாங்கில் பெயர்பெற்றது. கதை எப்படியாயினும், தீவின் விலை உண்மையிலேயே ஸ்பானிய வெள்ளியில்தான் பேசப்பட்டது.

பினாங்கு அன்று கெடா சுல்தானுக்குச் சொந்தம். சுல்தான் அப்துல்லா முகர்ரம் ஷா தீவைக் கொடுக்க இசைந்தது இரண்டை எதிர்பார்த்து: ஆண்டுக்கு 30,000 ஸ்பானிய டாலர், சியாம் தாக்கினால் படையுதவி. கம்பெனி படையுதவிக்கு உறுதி தர மறுத்தது, பணத்தையும் இழுத்தடித்தது. சுல்தான் 1791இல் தீவின் எதிர்க்கரையிலுள்ள பிறையில் படை திரட்டினார். லைட் முந்திக்கொண்டு ஏப்ரலில் கோட்டைகளைத் தாக்கினார். மே 1 அன்று கையெழுத்தான உடன்படிக்கை, ஆண்டுக்கு 6,000 ஸ்பானிய டாலர் என்று தீர்த்தது. கேட்டதில் ஐந்தில் ஒரு பங்கு. படையுதவி பற்றி ஒரு சொல்லும் இல்லை.

1800இல் சுல்தான் சியாவுதீன் காலத்தில் எதிர்க்கரையும் கம்பெனிக்குப் போயிற்று. அது இன்றைய செபராங் பிறை. தொகை ஆண்டுக்கு 10,000 டாலராக உயர்ந்தது. நாணயம் ஒன்று 27 கிராம் என்றால் பத்தாயிரம் நாணயங்கள் 270 கிலோ. அதையே எட்டு எஸ்குடோ பொற்காசில் கொடுத்திருந்தால் 625 காசுகள், 17 கிலோவுக்குச் சற்றுக் குறைவு.

ஸ்பானியப் பேரரசு மறைந்தது; கம்பெனி கலைந்தது; மலேசியா பிறந்தது. அந்தப் பத்தாயிரம் மட்டும் நின்றது. டாலர் ரிங்கிட்டாக மாறியபோது எண் மாறவில்லை. மலேசிய மத்திய அரசு ஆண்டுதோறும் கெடாவுக்கு 10,000 ரிங்கிட் கொடுத்துவந்தது. 2018இல் அது 1 கோடி ரிங்கிட்டாக உயர்த்தப்பட்டது. 270 கிலோ வெள்ளியாக எழுதப்பட்ட ஒரு கடமை, இரு நூற்றாண்டு கழித்து, எண் மட்டும் மிச்சமாகச் சுருங்கியிருந்தது என்பதைப் பணத்தின் வரலாறு கற்பிக்கும் பாடமாகவே கொள்ளலாம்.

சராப்பின் விரல்

நாணயத்தைச் சோதிப்பவரைப் பழந்தமிழர் வண்ணக்கர் என்றனர். சங்கப் புலவர் சிலரின் பெயரிலேயே அத்தொழில் ஒட்டியிருக்கிறது. பிற்காலத்தில் அதே வேலையைச் செய்தவர் சராப்பு. துறைமுக ஊர்களில் சராப்பு இல்லாமல் பெரிய பணம் கைமாறாது. நாணயத்தைக் கல்லில் தட்டி ஓசை கேட்பது, விரல் நுனியில் நிறுத்தி எடை உணர்வது, விளிம்பைத் தடவிச் சுரண்டல் தேடுவது, சந்தேகம் வந்தால் உளியால் சிறு வெட்டுப்போட்டு உள்ளே செம்பு தெரிகிறதா என்று பார்ப்பது ஆகியவை அவர்களின் வழிகள்.

சீன வணிகர் தாம் சோதித்து ஏற்ற நாணயத்தில் தம் கடையின் சிறு முத்திரையைக் குத்தினர். கை மாறும்தோறும் குத்து கூடியது. சில நாணயங்களில் அரசர் முகமே முத்திரைகளுக்குள் மறைந்துவிட்டது. ஒருகாலத்தில் சேகரிப்பாளர் இவற்றைச் சிதைந்த நாணயம் என்று ஒதுக்கினர். இன்று அதே குத்துகளை, நாணயம் கடந்துவந்த சந்தைகளின் சான்றாகப் போற்றி வாங்குகின்றனர்.

பினாங்கில் கணக்குகள் ஸ்பானிய டாலரில் எழுதப்பட்டன. இந்திய ரூபாயும் வந்தது. டாலர் ஒன்று இரண்டு ரூபாய்க்குச் சற்று மேல் போயிற்று. 1801இல் பள்ளிவாசல் எழுப்பிய சூலியாத் தலைவர் காதர் முகைதீன் காலத்து வணிகரும், 19ஆம் நூற்றாண்டில் வந்த நாட்டுக்கோட்டைச் செட்டியாரும் இந்த இரு நாணய உலகங்களுக்கும் நடுவே நின்று தொழில் செய்தவர்கள். நாகப்பட்டினத்தில் வராகனிலும் ரூபாயிலும் வாங்கி, பினாங்கில் டாலரில் விற்றவருக்கு மாற்று விகிதமே முதல் பாடம்.

கெடாவில் பொன்னின் இடம்

சந்தையில் வெள்ளி ஆண்டது என்பதால் கெடாவில் பொன்னுக்கு மதிப்பில்லை என்று ஆகாது. பொன் அரசின் அடையாளமாக இருந்தது. மூன்றாண்டுகளுக்கு ஒரு முறை கெடா சியாமுக்கு ‘பூங்கா மாஸ்’ அனுப்பியது. மாஸ் என்றால் பொன். பொன்னாலும் வெள்ளியாலும் கிளை, இலை, பூ எல்லாம் செய்த இரு சிறு மரங்கள் அவை. கெடா அதை நட்பின் அடையாளம் என்றது. பாங்காக் அதைத் திறை என்றது. 1909இல் ஆங்கிலேய–சியாமிய உடன்படிக்கையால் கெடா ஆங்கிலேயர் பொறுப்புக்கு வந்ததோடு அவ்வழக்கம் நின்றது.

மலாய் அரசுகள் பொற்காசும் அச்சிட்டன. ஜொகூரின் எண்கோண ‘மாஸ்’, கிளந்தானின் ‘கிஜாங்’ காசு இரண்டும் புகழ்பெற்றவை. கிளந்தான் காசின் மான் உருவமே மலேசிய மத்திய வங்கியின் சின்னம். கெடா ஈயத்தில் தன் சிறுகாசுகளை வார்த்தது. மாஸுக்கு அடுத்த சிறிய அளவான ‘குப்பாங்’ கெடா மலாயில் இன்றும் உயிரோடு இருக்கிறது: சந்தையில் ‘செகுப்பாங்’ என்றால் பத்து சென். அரசர்களின் காசுப் பெயர் அரசர்களைவிட நீண்டு வாழ்ந்ததற்கு வடமாநிலப் பேச்சே சாட்சி.

வெள்ளியின் அந்தி

1821இல் இரு நிகழ்வுகள் ஒன்றுக்கொன்று தொடர்பின்றி நடந்தன. செப்டம்பரில் மெக்சிகோ ஸ்பெயினிலிருந்து விடுதலை பெற்றது. அரச முகத்தோடு டாலர் அச்சிட்ட மிகப் பெரிய அக்கசாலை ஸ்பெயினின் கையை விட்டுப் போனது. நவம்பரில் சியாமியப் படை கெடாவுக்குள் நுழைந்தது. சுல்தான் அகமது தாஜுதீன் பினாங்குக்குத் தப்பினார். 35 ஆண்டுகளுக்கு முன் கேட்ட படையுதவி அப்போதும் வரவில்லை. அவர் 1842இல்தான் திரும்பினார்.

ஸ்பானிய வெள்ளியின் இடத்தை மெக்சிகோவின் கழுகு டாலர் பிடித்தது. ஆனால் கரோலஸ் டாலருக்கு இருந்த நம்பிக்கை உடனே போகவில்லை. 1850களில்கூட ஷாங்காய் வணிகர் அதைத் தனி விலை கொடுத்து வாங்கினர். 1855இல் இந்திய அரசு பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் அடங்கிய நீரிணைக் குடியேற்றங்களில் ரூபாயைப் புகுத்த முயன்றபோது வணிகர் கடுமையாக எதிர்த்தனர். 1867இல் அவை மூன்றும் நேரடி முடியாட்சிக் குடியேற்றமானபோது டாலரே சட்டப்படியான நாணயம் என்று முடிவாயிற்று. 1903இல் நீரிணைக் குடியேற்றங்களுக்கென்று தனி டாலர் பம்பாய் அக்கசாலையில் அச்சாகி வந்தது. வெளிநாட்டு டாலர்களின் காலம் முடிந்தது.

ரப்பர் தோட்டங்களுக்கு வந்த தமிழர் கையில் கூலியாக விழுந்தது இந்தப் பிந்திய டாலர்தான். சுங்கை பட்டாணி, பீடோங், பாடாங் செராய் தோட்டங்களில் செக்ரோல் என்னும் வருகைப் பதிவேட்டில் பெயர் பதிந்து சம்பள நாளில் வாங்கிய அந்தப் பணத்தை அவர்கள் டாலர் என்று சொல்லவில்லை, வெள்ளி என்றனர். தாளாக மாறிய பிறகும் அது வெள்ளிதான். 1975இல் மலேசியா தன் பணத்துக்கு ‘ரிங்கிட்’, ‘சென்’ என்ற பெயர்களை அதிகாரபூர்வமாக்கியது. விளிம்பு தேய்ந்து, உலோகம் மறைந்து, பெயர்கள் மட்டும் நிலைத்தன.

நாணயத்தில் அரசரைப் படித்தல்

ஸ்பானியப் பொற்காசு சேகரிப்போர் அதை அரச வரிசையாக அடுக்குவது வழக்கம். ஹாப்ஸ்பர்க் குலத்தின் கடைசி அரசர் இரண்டாம் கார்லோஸ் 1700இல் வாரிசின்றி இறந்தார். பிரெஞ்சு அரசர் பதினான்காம் லூயியின் பேரன் ஐந்தாம் ஃபெலிப்பே அரியணை ஏறினார். ஐரோப்பா முழுவதும் போரில் இறங்கியது. போர்பன் குல அரசர்கள் பொற்காசில் பொய்மயிர்த் தொப்பியோடு தோன்றினர். அதனால் அக்காசுகளை ஸ்பானியர் ‘பெலுக்கோனா’, பெரிய பொய்மயிர்த் தொப்பி, என்று அழைத்தனர்.

1724இல் ஃபெலிப்பே துறவு எண்ணத்தோடு முடியை மகன் முதலாம் லூயிஸிடம் கொடுத்தார். பதினேழு வயதான லூயிஸ் ஏழரை மாதம் ஆண்டு பெரியம்மையில் இறந்தார். தந்தை மறுபடி முடி சூடினார். செய்தி கடல் கடக்க மாதங்கள் பிடித்ததால், இறந்தவர் பெயரில் அமெரிக்க அக்கசாலைகள் தொடர்ந்து நாணயம் அச்சிட்டன. லூயிஸ் பெயர் தெளிவாக விழுந்த பொற்காசு இன்று சேகரிப்பாளரின் பெருங்கனவு.

1788இல் மூன்றாம் கார்லோஸ் இறந்து நான்காம் கார்லோஸ் வந்தபோதும் இதே தாமதம். புதிய முக அச்சு வரும்வரை 1789, 1790 ஆண்டுகளில் தந்தையின் முகத்தோடு மகனின் பெயர் அச்சானது. 1808இல் நெப்போலியன் ஏழாம் ஃபெர்னாண்டோவைச் சிறைப்படுத்தி, தன் அண்ணன் ஜோசப்பை அரசராக்கினார். மெக்சிகோ அதை ஏற்கவில்லை. ஃபெர்னாண்டோவின் பெயரிலேயே அச்சிட்டது. அவருடைய உருவம் கையில் இல்லாததால் கற்பனையில் ஒரு முகம் வரைந்தது. சிறையிலிருந்த அரசருக்கு விசுவாசம் காட்டிய அந்தக் கற்பனை முகம், வரலாற்று நூலின் ஒரு பக்கத்துக்கு ஈடு.

பெயரை அடுத்துப் பார்க்கவேண்டியவை சிறு எழுத்துகள். எம் எழுத்தின் மேல் சிறு வட்டம் இருந்தால் மெக்சிகோ. பல எழுத்துகள் ஒன்றாகப் பின்னியிருந்தால் போத்தோசி. பக்கத்தில் இருப்பவை மாற்றுப் பார்த்த அதிகாரிகளின் முதலெழுத்துகள். மாற்றுக்கு அவர்களே பொறுப்பு. ஆண்டும் அதிகாரியின் எழுத்தும் பொருந்தாவிட்டால் நாணயத்தின் மேல் ஐயம் கொள்ள வேண்டும்.

போலிகள் பழமையானவை. வெள்ளியில் செம்புக்கரு வைத்து மேலே முலாம் பூசியவை அக்காலத்திலேயே உண்டு. பொன்னில் நடந்த மோசடி வியப்பானது. தென் அமெரிக்காவின் புதிய கிரனாடா ஆற்றுமணலில் பொன்னோடு கிடைத்த பிளாட்டினத்துக்கு அன்று விலை இல்லை. பொன்னில் கலந்துவிடக் கூடாதென்று அதை ஆற்றில் கொட்டச் சொன்னது ஸ்பானிய அரசு. அதன் அடர்த்தி பொன்னைவிடச் சற்றே அதிகம். பிளாட்டினத்தில் அச்சிட்டுப் பொன்முலாம் பூசிய 19ஆம் நூற்றாண்டுப் போலிகள் தராசில் ஏமாற்றின. இன்று பிளாட்டினம் விலையேறிய உலோகமாகிவிட்டதால் அந்தப் போலிகளையே தேடிச் சேகரிப்போரும் உண்டு. இக்காலப் போலிகள் பெரும்பாலும் மலிவு உலோக வார்ப்புகள். எடை, விட்டம், நீரில் நிறுத்து அறியும் அடர்த்தி, விளிம்பு வேலைப்பாடு ஆகிய நான்கையும் சோதித்தால் பெரும்பாலானவை பிடிபடும். எட்டு ரியலின் விட்டம் 39 மில்லிமீட்டரை ஒட்டியது. விளிம்பில் வார்ப்புக்கோடு தெரிந்தால் அது அச்சிட்டதே அல்ல.

பொற்காசு பெருமளவில் வெளிவந்தது கடலடியிலிருந்து. 1622இல் ஃபுளோரிடா அருகே மூழ்கிய அதோச்சா கப்பலின் பெருஞ்செல்வம் 1985இல் கிடைத்தது. 1715இல் அதே கரையில் புயலில் சிதறிய கப்பல் கூட்டத்திலிருந்து எட்டு எஸ்குடோக்கள் இன்றும் கரை ஒதுங்குகின்றன. 1804இல் மூழ்கிய மெர்செதெஸ் கப்பலிலிருந்து ஓர் அமெரிக்க நிறுவனம் 2007இல் எடுத்த ஏறத்தாழ 6 லட்சம் நாணயங்களை, நீதிமன்றத் தீர்ப்பின்படி 2012இல் ஸ்பெயினுக்குத் திருப்பிக் கொடுக்க நேர்ந்தது. அரசுடைமைக் கப்பலின் செல்வம் மூழ்கினாலும் அரசுடைமையே என்பது அத்தீர்ப்பின் சாரம்.

மலேசியாவில் 2005ஆம் ஆண்டு தேசிய மரபுடைமைச் சட்டம் இதே கருத்தை நிலத்துக்கும் நீருக்கும் பொருத்துகிறது. வயலில் உழும்போதோ கால்வாய் தோண்டும்போதோ பழங்காசு கிடைத்தால் மரபுடைமை ஆணையருக்கோ மாவட்ட அதிகாரிக்கோ தெரிவிக்க வேண்டும். சட்டம் ஒருபுறமிருக்க, அறிவுக்கும் அதுவே வழி. ஒரு தூண் நாணயம் எந்த ஊர் மண்ணில், எந்த ஆழத்தில், எவற்றோடு கிடந்தது என்பது தெரிந்தால் கெடாவின் வணிகத்தைப் பற்றி அது பேசும். அந்தத் தகவல் இழந்த நாணயம் வெறும் 27 கிராம் வெள்ளி.

அதே காரணத்தால் பழங்காசைத் துலக்கக் கூடாது. புளியும் சாம்பலும் பித்தளைக் குத்துவிளக்குக்கு நல்லவை. நாணயத்தின் மேல் நூற்றாண்டுகளாகப் படிந்த கருமையை அவை அழித்துவிடும். துலக்கிய நாணயத்தின் விலை பாதிக்கும் கீழே இறங்குவதுண்டு. மென்மையான, வேதிப்பொருள் கலவாத உறையில் வைத்து, விளிம்பைப் பிடித்தே தூக்க வேண்டும். கெடாவின் ஈரக்காற்றில் உறைக்குள் ஈரம் உறிஞ்சும் மணிகளை இடுவது நல்லது.

வரலாற்றை வாங்காமலே காண விரும்புவோருக்குக் கோலாலம்பூர் சசானா கிஜாங்கில் உள்ள மத்திய வங்கி அருங்காட்சியகம் தீபகற்பத்தின் நாணய வரலாற்றை வரிசையாகக் காட்டுகிறது. அலோர் ஸ்டாரின் கெடா மாநில அருங்காட்சியகத்தில் இம்மண்ணின் அரசர்களைப் பற்றி அறியலாம். கெடாவில் தொடங்கும் ஒரு சேகரிப்புக்கு இயல்பான அடுக்கு வெள்ளியிலிருந்து தொடங்கும்: ஒரு தூண் நாணயம், சீன முத்திரை குத்திய ஒரு கரோலஸ் டாலர், ஒரு மெக்சிகோக் கழுகு, 1903ஆம் ஆண்டின் நீரிணை டாலர். இந்த நான்கும் கெடாவின் சந்தை வரலாற்றை முழுமையாகச் சொல்லும். எட்டு எஸ்குடோ பொற்காசு அந்த வரிசையின் தலையில் வரலாம். ஆனால் அது வெளியூர் ஏலத்திலிருந்து வந்த விருந்தாளி. இம்மண்ணில் நடந்து, சராப்பின் விரலில் தேய்ந்து, ஒரு தீவின் விலையாகி, இரு மொழிகளில் பெயர் விட்டுச்சென்றது அதன் உடன்பிறந்த வெள்ளியே.